மறுபரிசோதனை முடியும் வரை

"ஆபீஸ் விஷயத்தை வெளியே சொன்னது யாரு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை அதிகாரி மேஜையைத் தட்டினார். மைக்ராஸ்கோப் பார்க்கும் மேடம் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டில் கழுவும் அக்கா மட்டும் அதிகாரியையே பார்த்தபடி நின்றார். அதுவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் ஏழாம் நம்பர் தொட்டித் தண்ணீரை வடிகட்டிச் சாயம் போட்டுப் பார்த்ததில், பச்சையாக மினுங்கும் இரண்டு உருண்டைகள் தெரிந்தன. வயிற்றைக் கலக்கி ஆளைப் படுக்கப் போடும் ஒட்டுண்ணி. குளோரினுக்கெல்லாம் அசைந்து கொடுக்காத ஜாதி. ஆனால் சாயம் சில சமயம் தூசியிலும் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். அதனால் நாளை மறுபரிசோதனை முடியும் வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்.

மத்தியானத்துக்குள் பாதி ஊரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து மூன்று போன் வந்துவிட்டது. இவருடைய நாற்காலியே ஆடுவது போலிருந்தது.

"சார், அக்காதான் காலைலேர்ந்து போனும் கையுமா இருந்தாங்க," என்றார் மேடம் மெதுவாக.

"அதானே பார்த்தேன். ஏம்மா, உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா? யார் யார்கிட்ட பேசினே?"

"எங்க தெரு முழுக்கப் பேசினேன் சார். அப்புறம் பள்ளிக்கூடத்து ஆயாகிட்ட. அவங்க எல்லா அம்மாங்களுக்கும் சொல்லிட்டாங்க."

"நாளைக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தா யாரு பதில் சொல்றது?"

"ஒண்ணுமில்லைன்னா கொஞ்சம் அடுப்பு கேஸ்தானே சார் வீண்."

"பேச்சைப் பாரு. உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன், தெரியுமா?"

"தெரியும் சார்."

இந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது அதிகாரிக்கும் தெரியும்.

"தெரிஞ்சும் ரிசல்ட்டை ஊரெல்லாம் சொல்லியிருக்கே."

"ரிசல்ட் எல்லாம் எனக்கு என்ன சார் தெரியும்? காலைல நீங்க உங்க வீட்டம்மாவுக்கும், மேடம் அவங்க மாமியாருக்கும் போன் போட்டு, 'தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க'ன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதைத்தான் மத்த வீட்டுக்கும் சொன்னேன்."