போய்ப் போய் வந்த மெழுகுதிரி

மாதா கோவில் வாசல் கடையில் நெட்டை மெழுகுதிரி ஒன்று இருந்தது. அதற்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. யாத்திரை வருகிறவர்கள் அதை வாங்கிப் போய்ப் பீடத்தடியில் வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும், கொளுத்தாத திரிகளையெல்லாம் யாரோ கூடையில் அள்ளிவந்து மறுபடியும் கடையிலேயே அடுக்கிவிடுவார்கள். இப்படியே அது பல தடவை கோவிலுக்குப் போய்வந்துவிட்டது.

ஒருநாள், உருக்கி வார்ப்பதற்காகப் பொறுக்கி வந்த மெழுகிலிருந்து கரிந்த துண்டுத்திரி ஒன்று உருண்டு அதன் பக்கத்தில் விழுந்தது.

"அடப்பாவமே! இப்படித் தேஞ்சு கிடக்கியே, எத்தனை தடவை போனே?" என்றது நெட்டை.

"ஒரே தடவைதாண்ணே."

"ஒரு தடவைக்கேவா? என்னைப் பாரு. போகாத நாளே இல்லை. உடம்புல ஒரு கீறல் உண்டா?"

துண்டுத்திரிக்கு ஆசை தாங்கவில்லை. "அப்போ தினம் தினம் மாதா முகத்தைப் பார்த்திருப்பீங்க! கண்ணோரம் ஈரம் மாதிரி லேசா மின்னுமே, பார்த்தீங்களாண்ணே?"

நெட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "முகமா? உள்ளே ஒரே கும்மிருட்டுல்ல?"

"இருட்டுதாண்ணே. நான் எரிஞ்ச வெளிச்சத்துலதான் பார்த்தேன்."

அந்த நேரம் பார்த்து, கால் வீங்க நடந்து வந்த ஒரு பெண் கையை நீட்டி நெட்டையை எடுத்தாள்.

"தாயி," என்று பதறியது அது, "தீப்பெட்டி வச்சிருக்கியா?"