அரை மணி நேரம் வெறும் வாய்

யோன்ஹீ கையுறையை மாட்டிக்கொண்டு பஞ்சுக்குச்சியைப் பிரிக்கவும், பியோ கிதேக் ஓர் ஆப்பிள் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவும் சரியாக இருந்தது.

இது மூன்றாவது முறை.

மரபணுச் சோதனைக்குக் குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எச்சில் எடுக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது. விதி அவ்வளவுதான்.

முதல் தடவை வந்தபோது அரிசிக் கொழுக்கட்டை. போன வாரம் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. இன்று சொந்தத் தோட்டத்து ஆப்பிள்.

"சர்க்கரை முந்நூறைத் தாண்டியாச்சு, இந்த மனுஷன் வாய் மட்டும் அரவை மில்லு மாதிரி ஓடுது," என்று அடுப்பங்கரையிலிருந்து மனைவி சுல்லே கத்தினாள். "நாளைக்கு இவரு காலை வெட்டி எடுத்துட்டாங்கன்னா நான் தூக்கிக்கிட்டுத் திரிய மாட்டேன், சொல்லிட்டேன்!"

கிதேக் மென்றுகொண்டிருந்தார்.

யோன்ஹீக்கு எரிச்சலாகத்தான் வந்தது. கொரியப் போரில் காணாமல்போன வீரர்களின் உறவினர்களைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. பிடித்தவரின் வாயைப் பூட்டுவது அதில் சேர்த்தியில்லை.

நாக்டோங் ஆற்றுக்கு வடக்கே ஒரு மேட்டைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்திருந்தன. கூடவே ஒரு கரண்டி. அதன் காம்பில் யாரோ ஆணியால் கீறிய குடும்பப்பெயர்: பியோ.

அந்த மேட்டில் சண்டையிட்ட படையில் காணாமல்போன பியோக்கள் இரண்டு பேர். ஒருவருக்கு உறவென்று யாரும் அகப்படவில்லை. இன்னொருவர் இந்த ஊர் இன்கியூ.

எச்சில் ஒத்துப்போனால் கொடி போர்த்திய பெட்டி இந்த வீட்டுக்கு வரும். மகன் என்று கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொள்ளப் போகிறவர் கிதேக். ஒத்துப்போகாவிட்டால் எலும்புகள் ஓர் எண்ணோடு அலமாரியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஊர்ப் பதிவேடுகள் போரிலேயே எரிந்துபோயின. மிஞ்சியது பியோ குலத்தின் வம்சப் புத்தகம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இன்கியூ, மகன் கிதேக்.

இன்கியூ காணாமல்போனது 1950-இல். மகன் பிறந்தது 1953-இல். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பிள்ளையில்லாமல் போனவனுக்குப் படையல் நின்றுவிடக் கூடாதென்று அண்ணன் தன் மகனைத் தம்பி பேரில் எழுதிக்கொடுப்பது வழக்கம். அண்ணன் மகனானாலும் ஒரே ரத்தம். சோதனைக்கு அது போதும்.

"ஐயா, அவரு எழுபது வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்தாரு. நீங்க ஒரு அரை மணி நேரம் வாயைக் கட்டக் கூடாதா?"

கிதேக்கின் தாடை நின்றது.

"அந்த மேட்டுல சண்டை என்னைக்கு நடந்துச்சும்மா?"

"ஒரே ஒரு நாள்தான். ஆனா இது அவருதான்னு உறுதியானாத்தான் தேதியைச் சொல்ல முடியும்."

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சோறு வைப்பார்கள். கிதேக் ஏழு வயதிலிருந்து வைத்துவருகிறார்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் கொண்டுவந்திருந்த வம்சப் புத்தகப் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். இன்கியூவின் தகப்பனாருக்கான ஏட்டைத் திறந்தார். மகன்களுக்குப் பெயர், பிறந்த நாள், கல்லறை இருக்கும் மலை, எல்லாம் இருந்தன. அவற்றுக்குக் கீழே கடைசி வரியில் விரலை வைத்தார்.

மகள். மாப்பிள்ளை: இம்.

"இவங்க பேரு புனி. இன்கியூவோட கூடப்பொறந்த தங்கச்சி. சந்தைக்குப் பின்னால முதியோர் இல்லத்துல இருக்காங்க. அவங்ககிட்ட எடுத்துக்கோ."

யோன்ஹீ அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தாள். அவளும் தன் குலப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறாள், பெயரில்லாமல், புருஷனின் குடும்பப்பெயரோடு. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"அவங்க என்கூடப் பேசி அம்பது வருஷமாச்சு. என் பேரைப் புத்தகத்துல ஏத்தினதை அவங்க ஒத்துக்கவே இல்ல."

"சரி, அவங்களுதும் எடுக்கறேன். ரெண்டு இருந்தா நல்லதுதானே. வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க."

"என்னுது ஒத்துப்போகாதும்மா."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது.

போர் ஓய்ந்த அந்தக் குளிர்காலத்தில், அகதிப் பெண் ஒருத்தி இந்த வீட்டு வாசலில் ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனாள். இன்கியூவின் அண்ணன் அதைத் தன் பிள்ளை என்று எழுதி, பிறகு தம்பி பேருக்கு மாற்றிவிட்டார். இதை அறிந்தவர்களில் மிச்சமிருப்பது புனியும் கிதேக்கும்தான்.

கிதேக் அதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

யோன்ஹீ பிரித்த குச்சியை உறையில் போட்டாள்.

சுல்லே வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இனிமே பெட்டி புனி அத்தை கைக்குத்தானே போகும்?" என்று கேட்டார் கிதேக்.

"ஆமாங்கய்யா."

"போகட்டும். தேதி தெரிஞ்சா மட்டும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. இத்தனை வருஷமும் எங்கப்பாவுக்குத் தப்பான நாள்ல சோறு வச்சிருக்கேன்."