வெள்ளி இதயம்

“நாப்பத்தொண்ணு. மூணு வாட்டி பார்த்துட்டேன், நாப்பத்தொண்ணுதான். இதுக்கு நான் கையெழுத்து போடணுமா?”

இசபெல்லா மகளின் மணிக்கட்டிலிருந்து இரண்டு விரல்களையும் எடுத்தாள். கள்ளக்குறிச்சியில் ஹார்ட் டாக்டரின் கிளினிக். எதிர்ச்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்ததுதான் வினை. வந்து உட்கார்ந்ததிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

“வுடும்மா. எல்லாரும் பார்க்கறாங்க,” என்றாள் நான்சி.

“பார்க்கட்டும். நல்லா இருக்கிறவங்களுக்கு எழுபது அடிக்கணும். உனக்குப் பாதிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.”

நான்சிக்குப் பத்தொன்பது வயது. தினமும் விடியும் முன்பே வடக்கனந்தலிலிருந்து சைக்கிளில் மலையடிவாரம் போய், கரியாலூர் சாலையின் வளைவுகளில் ஏறி ஓடிப் பழகியவள். ஐயாயிரம் மீட்டரில் மாநிலத்தில் இரண்டாவதாக வந்ததும் பெங்களூரு பயிற்சி முகாமிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். பெற்றவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, கல்லூரி மருத்துவச் சீட்டில் ‘நாடி 41’ என்று எழுதியிருந்தது அம்மாவின் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

அன்றிலிருந்து அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான்சியின் அப்பா ஜான் சொல்லிப் பார்த்தார், பங்குச்சாமியார் சொல்லிப் பார்த்தார். டாக்டர் சொல்லட்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு வந்து, மாதா புண்ணியத்தில் குணமானது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த நன்றிக்காக, ஒவ்வொரு செப்டம்பர் திருவிழாவுக்கும் மாதாவுக்கு ஒரு வெள்ளி இதயம் காணிக்கை போடுவாள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். சின்ன வயதில் நான்சிதான் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடப்பாள்.

சூடு கண்ட பூனை பயப்படத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்துக்குத் தன் ஓட்டத்தை எதற்குப் பலி கொடுக்க வேண்டும்? நான்சிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“ஓட்டம்னா இன்னான்னு உனக்குத் தெரியுமாம்மா? தெரிஞ்சிருந்தா இப்படி மறிச்சுக்கினு நிக்க மாட்ட.”

இசபெல்லா மடியில் இருந்த முகாம் படிவத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் முடிந்து, டாக்டர் வெங்கடேசன் உள்ளே கூப்பிட்டார். காகிதங்களை நிதானமாகப் புரட்டினார்.

“மயக்கம் வருதாம்மா? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?”

“மலையே ஏறிக்கினு இருக்கேன் சார்,” என்றாள் நான்சி.

டாக்டர் சிரித்துவிட்டு இசபெல்லாவின் பக்கம் திரும்பினார்.

“உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா. வருசக்கணக்கா தூர ஓட்டம் ஓடறவங்களுக்கு இதயம் பலமாயிடும். ஒரு துடிப்புக்கு நம்மளைவிட ஜாஸ்தி ரத்தம் அனுப்பும். அதனால சும்மா இருக்கும்போது கம்மியா துடிச்சாலே போதும். இந்த நாப்பத்தொண்ணு இவ ஓடி ஓடிச் சம்பாதிச்சது.”

இசபெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“இவ ஓட்டத்த நிறுத்திட்டா இன்னா ஆவும் சார்?”

நான்சி அம்மாவை முறைத்தாள். இவ்வளவு சொன்ன பிறகும் நிறுத்துவதிலேயே நிற்கிறாளே.

“ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா ஏறி, மத்தவங்க மாதிரி எழுபதுக்கு வந்துடும்.”

“மருந்து மாத்திரை இல்லாமலா?”

“மாத்திரை எதுக்கும்மா? கொணமாகறதுக்கு நோய்னு ஒண்ணு இருக்கணும் இல்ல?”

இசபெல்லா கைப்பையைத் திறந்தாள். படிவத்தை மேஜைமேல் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக நீவினாள். டாக்டரின் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோணலாக விழுந்தன.

நான்சி சந்தோஷத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப பயம் போச்சாம்மா?” என்றார் டாக்டர்.

“போச்சுங்க.” இசபெல்லா யாரையும் பார்க்காமல் பேசினாள். “எனக்கு நாப்பத்திரண்டு இருந்துதுங்க. விழுப்புரம் ஜில்லாவுல மூவாயிரம் மீட்டர் ஓட்டத்துல மொதலா வந்தேன், அந்த வாரம்தான் ஆஸ்பத்திரில நாடி பார்த்தாங்க. இதயம் வீக்கு, ஓடினா செத்துடுவன்னாங்க. வுட்டுட்டேன். அடுத்த வருசமே எழுபத்திரண்டு ஆச்சு. கொணமாயிடுச்சுன்னுதான் சார், இருபத்தேழு வருசமா மாதாவுக்கு வெள்ளி இதயம் போட்டுக்கினு இருக்கேன்.”