கேட்டில் சொன்ன விலை

மாசானத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மக்காச்சோள லாரியோடு துறைமுக வரிசையில் கிடையாய்க் கிடந்து, ஒருவழியாக அவர் முறை வந்தது. நெரிசல் ஏற ஏற வரிசையில் பிடித்த இடத்துக்கும் விலை ஏறும். கேட் இயந்திரத்தில் விலையைப் பதிந்து இடத்தை விற்றால் நல்ல காசு. அப்போதுதான் வரிசையின் வாலில் நின்ற ரத்தினவேல் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, வீட்டுல அவளுக்குப் பேறுகால வலி வந்துட்டு. லோடை இறக்காம எப்படிப் போவேன்?"

"என் இடத்துல வண்டியக் கொண்டா, மூதி. நான் வாலுக்குப் போறேன்."

"இடத்தைச் சும்மா கொடுக்க முடியாது. விலையைச் சொல்லவும்" என்றது கேட் இயந்திரம்.

"விலையா? இவன் பிள்ள என் மடியில ஒருக்கா மோளணும். போதுமா?"

இயந்திரம் சற்றுத் திணறிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது. மாசானம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் லாரியில் ஏறினார். கேட் திரையில் எழுத்து ஓடியது: ரத்தினவேல், மாசானத்துக்குத் தரவேண்டிய பாக்கி, பிள்ளையின் மூத்திரம், ஒருமுறை.