பற்ற வைக்காத சிகரெட்

தீக்குச்சியை அவன் ஊதி அணைத்தான்.

அவள் இன்னொன்றை உரசினாள். பற்றவில்லை. மறுபடி உரசினாள்.

அதையும் ஊதி அணைத்தான்.

முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில். நீட்டிய கையில் சிகரெட்.

தம்பி கேட்டது சாவியை.

காலையிலிருந்து நடந்துகொண்டிருக்கிறான். அடுப்படியிலிருந்து முன்கதவு வரை. முன்கதவிலிருந்து அடுப்படி வரை. ஆஸ்பத்திரியில் கொடுத்த நிகோடின் சூயிங்கம் வாயில். தாடை அசைவது நிற்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

இந்த நடையை அவளுக்குத் தெரியும்.

அவன் காணாமல் போன அந்த வருடமும் இப்படித்தான் நடந்தான். யாரோ கூப்பிடுகிறார்கள் என்றான். யாருமில்லை, யாருமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது கதவு திறந்து கிடந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் விஜயவாடா ரயில்வே ஸ்டேஷனில் இருப்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தாள். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

மனச்சிதைவு என்றார்கள். மாத்திரை தந்தார்கள்.

மாத்திரையோடு அவளும் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சிகரெட் இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருக்கிறவன் எங்கும் போகமாட்டான்.

எஸ்தர் டீச்சர் தம்பிக்காகப் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்குவது தெருவுக்குப் பழகிப்போனது.

போன வாரம் டாக்டரிடம் அவனே கேட்டான், சிகரெட்டை விட வேண்டும் என்று. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர், பாவம் அவன், அவனுக்கென்று இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான் என்று குறுக்கே விழுந்து சொன்னாள்.

அந்தப் பெண் டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தே பேசினார். முடியும் என்றார். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, அளவை நான் பார்த்து மாற்றித் தருகிறேன் என்றார். ஆசை கிளம்பினால் எழுந்து நடங்கள் என்றார்.

நடக்கத்தான் சொன்னார். இப்படியா?

அவன் நின்றான். அவளுக்கு மிக அருகில்.

அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. பின்னால் நகர்ந்தாள். முதுகில் கதவு இடித்தது.

இதைக் குடி ஜெயசிங், இன்றைக்கு மட்டும் குடி என்று கெஞ்சினாள்.

அவன் பார்வை சிகரெட்டில் விழுந்தது. அங்கேயே நின்றது. எச்சிலை விழுங்கினான். கை மெல்ல உயர்ந்தது. விரல் நுனி சிகரெட்டைத் தொட்டேவிட்டது.

சட்டென்று கையை இழுத்து அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"யாரும் கூப்பிடல, எக்கா. வீட்டுக்குள்ள இருந்தா இது ஞாபகமாவே இருக்கு. கொஞ்ச தூரம் நடந்துட்டு வாறேன்."

குரல் கரகரத்தது. ஆனால் அவன் குரல்தான்.

அந்த வருடம் அவன் கண்கள் அவளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது அவளைப் பார்த்தன.

சாவியை எடுத்தாள். பூட்டுக்குள் அது போகவில்லை. அவனே வாங்கித் திறந்தான். சாவியை அவள் உள்ளங்கையில் திரும்ப வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

தெரு முனையில் நின்றிருந்தான். இடப்பக்கம் பெட்டிக்கடை. அதைத் தாண்டினால் ஸ்டேஷன் ரோடு. வலப்பக்கம் சர்ச் மைதானம்.

திரும்பி வீட்டைப் பார்த்தான்.

அவள் ஜன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு கை மட்டும் இன்னும் கம்பியைப் பிடித்திருந்தது.

எந்தப் பக்கம் போனான் என்று பார்க்கவில்லை.

கதவைச் சாத்தவில்லை. சிகரெட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள். திரும்ப எடுத்தாள். குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டினாள். புகையிலை பிரிந்து விரல்களில் ஒட்டியது.

நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சாயங்கால வெயில் படிக்கட்டு ஜன்னல் வழியாக இறங்கி வாசல் வரை வந்தது. படியில் காலடி கேட்டது. மேல்வீட்டுப் பெண். சிரித்துவிட்டு ஏறிப்போனாள்.

வெயில் போனது.

போலீஸில் கேட்பார்கள். என்ன சட்டை? போன தடவையும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.

காலையிலிருந்து அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் நினைவுக்கு வரவில்லை.

நீலமா? சாம்பலா?

எழுந்துவிட்டாள். செருப்பைக் கால் தேடியது.

படியில் மறுபடி காலடி. மெதுவாக. நடுவில் நின்றது. யாரோ மூச்சு வாங்கினார்கள். திரும்ப ஏறியது.

பச்சைக் கட்டம் போட்ட சட்டை.

அவன் வாசலில் நின்றான். முகமெல்லாம் வியர்வை. தாடை ஓய்ந்திருந்தது. எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது.

அவன் முகத்தைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, எதையோ உற்றுக் கவனித்தான். மறுபடி யாரோ கூப்பிடுகிறார்களா?

"கீழ்வீட்டுல கருவாடு வறுக்காவ, எக்கா. படியிலயே வாசம் வருது."

எத்தனையோ வருடமாக அவன் எந்த வாசத்தையும் சொன்னதில்லை.

அவன் அவளைக் கடந்து உள்ளே போனான். புகை வாசம் தேடி அவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள்.

கருவாட்டு வாசம் மட்டும்தான் வந்தது.