உடனே கொண்டு வாங்க!

பிளோவ்திவ் நகரத்துக் குழந்தைகள் கிளினிக்குக்குள் பொகோமில் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் கையில், பிறந்து இரண்டு வாரமே ஆன கலோயான் வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"குழந்தையை உடனே கொண்டு வாங்கன்னு நர்ஸ் போன் பண்ணாங்க, டாக்டர். குதிகால்ல எடுத்த ரத்தத்துல தைராய்டு கோளாறு தெரியுதாமே! எனக்கு அப்பவே சந்தேகம். பால் குடுத்தாலும் கத்துறான், குடுக்கலேன்னாலும் கத்துறான்."

டாக்டர் ஸ்னெஜானா பிள்ளையை உற்றுப் பார்த்தார். "இவன்கூட ரெட்டையாப் பொறந்தவ எங்க?"

"யோவாவா? வீட்ல அவ அம்மாகிட்ட தூங்குறா. அவ தங்கம், டாக்டர்! பாலுக்கே நாமதான் எழுப்பணும்."

"ஐயோ, எந்தக் குழந்தைன்னு நர்ஸ் பேர் சொல்லலையா?"

"இவன் போட்ட சத்தத்துல எங்க கேட்டுச்சு!"

"இவனுக்கு ஒண்ணுமில்ல. நாங்க கூப்பிட்டதே யோவாவை! தைராய்டு சரியா சுரக்காத குழந்தை அப்படித்தான் அடங்கிக் கிடக்கும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சா அவ மூளை நல்லா வளரும். ஓடுங்க!"

பொகோமில் பறந்து போய் மகளைத் தூக்கி வந்தான். அன்றே மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைத்து ஊட்டினார்கள்.

சில வாரம் கழித்து அவன் டாக்டருக்குப் போன் போட்டான். வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "கலோயான் ஏன் இந்தக் கத்து கத்துறான்?"

"அவன் தூங்குறான், டாக்டர்!" பொகோமில் சந்தோஷத்தில் கூவினான். "இது யோவா!"