சத்தமில்லாத ஜீப்

"மாமா, எங்கப்பா ஜீப்போட சத்தத்தை இன்னும் கூட்ட முடியுமா?"

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒருமுறை பட்டறை வாசலில் நின்று, அந்தச் சிறுமி இப்படிக் கேட்டபோது மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். ஊரே குறைக்கச் சொல்லும், இவள் கூட்டச் சொல்கிறாளே.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தான். குறுக்கே படுத்திருந்த நாயை எட்டி உதைத்தான். மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"இந்த டீசல் சனியன் தெருமுனையிலேயே ஊரைக் கூட்டுது. நான் வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் வீட்ல ஒருத்தருக்கும் கேக்கக் கூடாது. கேட்டுச்சு, உன் பல்லு உன் கையில இருக்கும்."

"பாப்பா தூக்கம் கெடும்னு பாக்கறீங்க. புரியுதுண்ணே."

முரடனுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று மகிழ்ந்த மெக்கானிக், புது சைலன்சர் மாட்டினார். என்ஜினுக்கு அடியில் ரப்பர் மாற்றினார். வண்டியின் உட்புறம் முழுக்கத் தடித்த கம்பளி ஒட்டினார். ஜீப் பூனை மாதிரி போனது.

சில நாள் கழித்துத் தாயும் மகளும் பட்டறை வழியாக வந்தார்கள். தாயின் நெற்றியில் தையல், கையில் மாவுக்கட்டு. சிறுமியின் உதடு கிழிந்திருந்தது.

"என்ன பாப்பா ஆச்சு?"

"எப்பவும் ஜீப் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியா பக்கத்து வீட்டுக்கு ஓடிடுவோம் மாமா. அன்னிக்குக் கேக்கவே இல்ல."

மெக்கானிக்கால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆயில் மாற்ற ஜீப் வந்த அன்று, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவர் அடியில் படுத்துப் புது சைலன்சரில் துளைகள் போட்டார். அந்தப் பிள்ளைக்குப் பட்ட கடன் அது. கம்பளிக்குள் உட்கார்ந்து ஓட்டுபவனுக்குக் கேட்காது. தெருமுனை தாண்டிக் கேட்கும்.